காப்புப் பட்டியலில் இல்லாதவன்

ரூபன் ஆர்ச்சுலெட்டாவை எனக்குப் பிடிக்காது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஏழு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியிருக்கிறோம். வெளியூர் ஆட்டம் என்றால் இருவருக்கும் ஒரே ஓட்டல் அறை. அவன் குறட்டை எனக்குத் தெரியும், என் முழங்கால் வலி அவனுக்குத் தெரியும். ஆனால் மில்வாக்கி ஹார்பர் கால்பந்து அணியின் பின்வரிசையில் நடுவில் நிற்பது இரண்டு பேர் என்பதே இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே ஒருவன் நிற்கிறான், அவன் பெயர் ரூபன், பக்கத்தில் உயரமாக ஏதோ ஒன்றும் நிற்கிறது, அவ்வளவுதான் அவர்களுக்கு.

அந்த ஏதோ ஒன்று நான்தான். டெரெக் ஸ்மோலின்ஸ்கி. எல்லோருக்கும் ஸ்மோ. வயது முப்பத்து மூன்று. இந்த ஊரின் தெற்குப் பக்கத்தில் பிறந்தேன், இங்கேயே வளர்ந்தேன், வேறு எந்த ஊர் அணிக்கும் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ரூபன் நியூ மெக்சிகோவில் அல்புகர்க்கிக்காரன். முதல் குளிர்காலத்தில் மெல்லிய துணிச் செருப்போடு பனியில் வந்து நின்றவனைக் கடைக்கு அழைத்துப்போய் பூட்ஸ் வாங்க வைத்ததே நான்தான். இரண்டாவது வருடம் ரசிகர்கள் அவனுக்கு ஒரு பாட்டுக் கட்டினார்கள். எனக்குப் பாட்டு இல்லை. ஸ்மோலின்ஸ்கிக்கு எதுகை கிடைக்கவில்லையாம்.

எதிராளியோடு மண்டை மோதி, புருவம் கிழிந்து, ஐந்து தையலுக்கான ரத்தம் வழிய நான் பந்தைத் தட்டி விடுவேன். அது உருண்டு ரூபன் காலுக்குப் போகும். அவன் நிதானமாகத் தலையை நிமிர்த்தி நாற்பது கஜத்துக்கு ஒரு அடி அடிப்பான். மைதானமே எழுந்து நிற்கும். மறுநாள் தொலைக்காட்சியில் காட்டுவது அந்த அடியைத்தான், என் தையலை இல்லை. என் சின்ன மகன் மேக்ஸ் இருக்கிறானே, வீட்டில் என் பெயர் போட்ட சட்டை எட்டு சும்மா கிடக்க, பிறந்தநாளுக்கு வந்த பணத்தில் முதுகில் ஆர்ச்சுலெட்டா என்று எழுதிய சட்டையை வாங்கி வந்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் லீகில் ஒரு புது அணி சேர்ந்தது: அல்புகர்க்கி மேசா. புது அணிக்கு ஆள் வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. பழைய அணிகள் ஒவ்வொன்றும் பதினொரு பெயரை எழுதி, ‘இவர்கள் மேல் கை வைக்காதே’ என்று கொடுத்துவிடும். அதுதான் காப்புப் பட்டியல். அதில் இல்லாத யாரையும் புது அணி தூக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு அணியிலிருந்து ஒருவரைத்தான் எடுக்க முடியும். மொத்தமே ஐந்து பேர்தான். தூக்கப்பட்டவன் பெட்டி கட்ட வேண்டும். வரமாட்டேன் என்றால் ஆட்டத்துக்கே முழுக்குப் போட வேண்டும்.

பட்டியல் என்றால் என்ன, மார்க் லிஸ்ட்தானே? நன்றாக ஆடுகிற பதினொரு பேர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. நான் அப்படித்தான் நினைத்தேன். ஆடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாசலில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கோச் ஹாஸ் போனில் கூப்பிட்டார்.

“ஸ்மோ, பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் வெளிய வருது. உன் பேர் அதுல இல்ல.”

பனி வாரும் தட்டு கையில் அப்படியே நின்றது. “சரி கோச்,” என்றேன்.

“நீயா எதாச்சும் அர்த்தம் பண்ணிக்காத. நான் சொல்றத மட்டும் கேளு. செவ்வாக்கிழமை அவங்க எடுத்து முடிக்கற வரைக்கும் யார்கிட்டயும் பேசாத. போன எடுக்காத. வடக்க உன் மாமனாரோட காட்டுக் கேபினுக்குப் போயி நாலு நாள் கெட.”

“ரூபன்?”

ஹாஸ் ஒரு பெருமூச்சு விட்டார். “இருக்கான்.”

அதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பட்டியலைப் பார்த்தேன். ரூபன் பெயர் மூன்றாவது. பதினோராவது பெயர் டைலர் பிரிங்க். யார் இந்த டைலர் பிரிங்க்? எங்கள் மூன்றாவது கோல்கீப்பர். வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தவன். அவனைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு ஆட்டம் ஒரு நிமிடம் விடாமல் ஆடிய என்னைத் திண்டாட விட்டிருக்கிறார்கள். அரை மணி கழித்து ரூபனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘லிஸ்ட் பாத்தேன். உன்கிட்ட பேசணும்.’ ஆறுதல் சொல்ல வருகிறானாம். பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. வறுத்த மீன் சாப்பிட எல்லோரும் வெளியே போய்விடுவோம். இன்றைக்கு வேண்டாம் என்று என் மனைவி ஹெய்டி சொன்னாள். போகாவிட்டால் ஒளிந்துகொண்டேன் என்று சொல்வார்கள் என்று நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன். தெருமுனை மதுக்கடையில் கால் வைத்ததும் குழாய் வேலை பார்க்கும் ரே குரல் கொடுத்தான்.

“வா ஸ்மோ! வீட்டப் பூட்டிட்டு உன்ன மட்டும் வாசல்ல விட்டுட்டாங்களாமே!”

“எவனும் தூக்கிட்டுப் போவ மாட்டான்ற தைரியந்தான்,” என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஜெரோம் சேர்த்துக்கொண்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இந்த ஊரில் வாழ முடியாது.

“ஆனா ஒண்ணு,” என்றான் ரே. “ரூபன மட்டும் வெளிய விட்டிருந்தாங்கன்னா, நான் போயி ஹாஸ் வீட்டு ஜன்னல ஒடச்சிருப்பேன்.”

“எனக்கு?”

“உனக்கா? உனக்கு ஒரு பிராந்தி வாங்கித் தரேன். ஜெரோம், ஸ்மோவுக்கு ஒண்ணு ஊத்து.”

அந்தப் பிராந்தியைக் குடித்தேன். கசந்தது. தட்டில் மீனும் கம்பு ரொட்டியும் ஆறிக் கிடந்தன. ஹெய்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இங்கேருந்து போகணும்னு ஆசையா?” என்று கேட்டாள்.

“பைத்தியமா நீ? எனக்கு இங்கயே ஆடி இங்கயே முடிக்கணும்.”

“அப்ப என்ன? எவனும் எடுக்க மாட்டான்னு ரே சொல்றான். நல்லதுதானே? அம்மா அடுத்த தெருவுல இருக்காங்க, பசங்க ஸ்கூல் இங்க, என் வேல இங்க. எடுக்காட்டி நமக்கு லாபந்தானே?”

“லாபந்தான்.”

“பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?”

என்ன சொல்வது? எனக்குப் போக வேண்டாம். ஆனால் என்னை இழந்துவிடுவோமோ என்று ஒருவனாவது பயப்பட வேண்டும். ரூபனுக்காகப் பயந்தார்கள். அந்த விதை கொறிக்கிற பயலுக்காகக்கூடப் பயந்தார்கள். இதை மனைவியிடம் சொன்னால் மேக்ஸுக்கு வயது எட்டா எனக்கு வயது எட்டா என்று கேட்பாள். அதனால் மீன் உப்பு என்று சொல்லிவிட்டேன்.

கேபினுக்கு நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹெய்டி பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போனதும் கார் ஷெட்டில் நின்றுகொண்டு லானி டக்வர்த்தைக் கூப்பிட்டேன். டக் ஒரு காலத்தில் எங்கள் அணியில் ஆடியவன், எனக்கு ஐந்து வருடம் மூத்தவன். இப்போது அல்புகர்க்கி மேசாவின் கோச். அந்த ஐந்து பேரையும் பொறுக்கப்போகிறவன் அவன்தான். சும்மா குசலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“யாரு, ஸ்மோவா? டேய், உயிரோட இருக்கியா?”

“ஏன், செத்துட்டேன்னு எவன் சொன்னான்?”

“உங்க கோச்தான்!” டக் பலமாகச் சிரித்தான். “செத்துட்டன்னு சொல்லல. முழங்கால் போயிடுச்சு, வர்ற வருஷம் பாதியில நிறுத்திடுவான்னு சொன்னாரு. மில்வாக்கிய விட்டு அனுப்பினா அன்னிக்கே ஆட்டத்த விட்டுடுவான்னும் சொன்னாரு. உங்க ஆளுங்க யாரக் கேட்டாலும் உன் காலப் பத்தின்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறாங்க.”

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு ஏழு வருடம் இவர்களுக்காக ஓடிய கால். அதை ஊர் ஊராகப் போய்ச் செத்த கால் என்று சொல்லியிருக்கிறார். பட்டியலில் சேர்க்கவில்லை, சரி. ஆளையே ஒழித்துக்கட்ட வேண்டுமா?

“முப்பத்திரண்டு ஆட்டம் ஆடியிருக்கேன் டக். ஒரு நிமிஷம் விடல. ரூபன் எத்தன ஆடினான் கேளு. இருபத்தாறு.”

“அவன் கெடச்சா நல்லாத்தான் இருக்கும். எங்க ஊர்ப் பையன். அவனத்தான் பூட்டி வெச்சிட்டாங்களே.”

“அவன் நாப்பது கஜம் அடிக்கறத மட்டும் எல்லாரும் பாக்கறீங்க. அவன் கோட்ட விட்ட ஆள ஓடிப்போயி யார் புடிக்கறா? வீடியோ போட்டுப் பாரு. மூணு வருஷத்து வீடியோவும் போட்டுப் பாரு. அப்புறம் சொல்லு எந்தக் கால் செத்த காலுன்னு.”

டக்கின் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

“நேராவே கேக்கறேன் ஸ்மோ. எடுத்தா வருவியா? ஆட்டத்த விட்டுடுவியா?”

வரமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வேலை முடிந்திருக்கும். என் வீடு, என் தெரு, என் பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கண்முன் நின்றது வேறு காட்சி. தொலைக்காட்சியில் என் பெயரைச் சொல்கிறார்கள். ரூபன் வாயைப் பிளக்கிறான். ஹாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, ஐயோ தப்புப் பண்ணிவிட்டேனே என்று அல்புகர்க்கிக்கு ஓடி, வேறு யாரையாவது கொடுத்து என்னை மீட்டுக்கொண்டு வருகிறார். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

“ஆட்டத்த விடறதா? எவன் சொன்னான்? இன்னும் மூணு வருஷம் ஆடுவேன். எடுத்துத்தான் பாரேன்.”

“பாத்துடுவோம்,” என்றான் டக்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஹெய்டி பல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கேதான் அவளுக்கு வேலை. சூப் கிண்ணத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தாள். முதல் நான்கு பேரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அவ்ளோதான். பொழச்சோம். நான் கெளம்பறேன்.”

அப்போது ஐந்தாவது பெயரைச் சொன்னார்கள். மில்வாக்கி ஹார்பரிலிருந்து டெரெக் ஸ்மோலின்ஸ்கி.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த முதல் ஐந்து நொடி எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. என் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பூரித்ததில்லை. ரூபன் பார்த்திருப்பானா, ரே பார்த்திருப்பானா, ஹாஸ் என்ன பண்ணிக்கொண்டிருப்பார் என்று மனம் துள்ளியது. திரும்பிப் பார்த்தேன். ஹெய்டி கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“யார்கிட்ட பேசின?” என்று கேட்டாள்.

“யார்கிட்டயும் பேசல.”

“டெரெக். யார்கிட்ட பேசின?”

கோபத்தில் மட்டும்தான் அவள் என்னைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சொன்னேன். அவள் கத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஹாஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காதவர் மாதிரி இருந்தார். நான் மனசுக்குள் பார்த்து வைத்திருந்த காட்சியில் அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். இங்கே அவர் எழுந்திருக்கவே இல்லை.

“போன எடுக்காதன்னு சொன்னேன்,” என்றார்.

“நான் எடுக்கல கோச். நானாத்தான் பண்ணேன்.”

“அடப்பாவி.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆறு வாரம்டா. ஆறு வாரமா பாக்கறவன்கிட்டல்லாம் உன் கால் போச்சு, உன் கால் போச்சுன்னு சொல்லிட்டுத் திரியறேன். நம்ம டாக்டரையும் மூஞ்சியத் தொங்கப்போட வெச்சேன். எதுக்கு? எனக்கு வேற பொழப்பு இல்லன்னா?”

எனக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

“ரூபனுக்குக் கால் போச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? அவனுக்கு இருபத்தொம்பது. வெளிய விட்டா அடுத்த நிமிஷம் தூக்கிட்டுப் போயிடுவான். அதனால அவன உள்ள வெச்சேன். உன்னப் பத்திச் சொன்னா நம்புவாங்க. முப்பத்து மூணு வயசு, ஊர விட்டு நகர மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். அதனால உன்ன வெளிய வெச்சேன். பதினோரு எடத்துல பன்னெண்டு பேரக் காப்பாத்தப் பாத்தேன். பன்னெண்டாவது ஆள் நீ.”

“அப்ப அந்த பிரிங்க்?”

“வெத தின்னாலும் அவனுக்குப் பத்தொம்பது வயசு. மூணு டீம்காரங்க கேட்டுட்டாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே கோச்.”

“உன்கிட்டயா? எவனாச்சும் வந்து கேட்டா, ஆமா என் கால் போச்சுன்னு உன் வாயால சொல்லுவியா நீ?”

சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. என்னை இவ்வளவு தெரிந்தவர் எனக்காக ஆறு வாரம் பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை நான் ஒரே போனில் கிழித்துப் போட்டேன்.

“திருப்பி வாங்கிடுங்க கோச். எத வேணா குடுத்து வாங்கிடுங்க.”

“விடியறதுக்குள்ள கூப்பிட்டுக் கேட்டுட்டேன். டக்வர்த்துக்கு ஒரே பதில்தான். ரூபனக் குடு, ஸ்மோவ எடுத்துக்கோன்றான்.”

கொடுத்துவிடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஹாஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லப்போவது அவருக்குக் கேட்டுவிட்டது போலிருந்தது.

“அத என்னால செய்ய முடியாது ஸ்மோ,” என்றார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது ஆளை மீட்க மூன்றாவது ஆளை யார் கொடுப்பார்கள்? ஏழு வருடமாக நான் கேட்கப் பயந்த கேள்விக்கு அந்த அறையில் பதில் வந்துவிட்டது. அதுவும் என் மேல் பிரியம் உள்ளவர் வாயிலிருந்து வந்தது.

உடை மாற்றும் அறையில் என் அலமாரிக்கு எதிரே ரூபன் உட்கார்ந்திருந்தான். நான் பூட்ஸையும் துண்டையும் பைக்குள் திணித்தேன். அவன் பேசுவான், எனக்கு வாழ்த்துச் சொல்வான், நான் பதிலுக்கு ஏதாவது நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

“மெசேஜ் போட்டேனே, பாக்கலயா?”

“பாத்தேன்.”

“அக்டோபர்லயே கோச்கிட்ட போயி நின்னேன்டா. லிஸ்ட்ல என் பேரப் போடாதீங்க, என்ன விட்டுடுங்க, எங்க ஊருக்குப் போறேன்னு. பிலார் அங்க இருக்கா. அவ அம்மாவோட.” குனிந்து தன் கையைப் பார்த்தபடி பேசினான். “ஒம்பது வயசாயிடுச்சு. வருஷத்துக்கு மூணு வாரம் பாக்கறேன். கோச் முடியவே முடியாதுன்னுட்டாரு.”

பிலார் அவன் மகள். எனக்குத் தெரியாதவள் இல்லை. ஏழு வருடமாக எந்த ஊர் ஓட்டலில் இருந்தாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளோடு போனில் பேசுவான். கணக்குப் பாடம் சொல்லித் தருவான், பல் விழுந்த கதை கேட்பான். அந்த நேரத்தில் நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பேன். வேண்டுமென்றேதான்.

“லிஸ்ட்ல உன் பேர் இல்லன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சுது ஸ்மோ,” என்றான். “எனக்கு வேண்டியது உனக்குக் கெடச்சிருக்கு, உனக்கு அது வேண்டவும் வேண்டாம். அதச் சொல்லிப் பொலம்பத்தான் கூப்பிட்டேன். வேற யார்கிட்ட சொல்லுவேன்?”

நியாயமாக எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இதிலும் இவன்தானா? பொறாமைகூட எனக்கென்று தனியாக இருக்கக் கூடாதா? பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நான் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

ஜனவரியில் அல்புகர்க்கிக்குப் போனேன். ஹெய்டியும் பிள்ளைகளும் பள்ளி முடியும் வரை மில்வாக்கியிலேயே இருப்பதாக முடிவு. அது அவள் முடிவு. பள்ளி முடிந்ததும் வருவார்களா என்று நான் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். சில நாள் மேக்ஸ் எடுப்பான், சில நாள் ஹோம்வொர்க் இருக்கிறது என்று வைத்துவிடுவான்.

வந்த இரண்டாவது சனிக்கிழமை புது ஆட்டக்காரர்களை ஊருக்கு அறிமுகப்படுத்த ஒரு கடைத்தெரு வளாகத்தில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். நல்ல வெயில். எங்கள் கழுத்தில் மேசா அணியின் துண்டைப் போட்டிருந்தார்கள். ஐந்து பேருக்கும் முன்னால் கையெழுத்துக்கு வரிசை நின்றது. என் வரிசையும் நீளமாகத்தான் இருந்தது. மில்வாக்கியில் எனக்கு இவ்வளவு நீள வரிசை நின்றதே இல்லை. இதை ரூபன் பார்க்க வேண்டுமே என்று அங்கேயும் ஒரு நினைப்பு ஓடியது. என்னை என்ன செய்வது?

அந்த வரிசையில் ஒரு சிறுமி வந்து நின்றாள். எல்லோரும் மேசாவின் மஞ்சள் சட்டையில் இருக்க, அவள் மட்டும் மில்வாக்கி ஹார்பரின் நீலச் சட்டை போட்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் கேலியாகக் கூச்சல் போட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குப் பார்க்கத் தேவையில்லை. அதே மூக்கு, அதே நிமிர்ந்த தலை.

“நீங்கதானே ஸ்மோ?”

“ஆமா. நீ பிலார்.”

“ஒரு டீம்லேருந்து ஒருத்தரத்தான் எடுக்கலாம்னு அம்மா சொன்னாங்க. நெஜமா?”

“நெஜந்தான்.”

“அப்ப ஏன் எங்கப்பாவ எடுக்காம உங்கள எடுத்தாங்க?”

“உங்கப்பா மேல கை வைக்கக் கூடாதுன்னு எங்க கோச் எழுதிக் குடுத்துட்டாரு. அதான்.”

“உங்கள எழுதிக் குடுக்கலயா?”

“இல்ல.”

“ஏன்?”

ஹாஸின் தந்திரம் முழுவதையும் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார், நானும் வேண்டிய ஆள்தான், பன்னிரண்டாவது ஆள் என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அவள் கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா என்னவிட நல்லா ஆடுவாரு,” என்றேன்.

ஏழு வருடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவள் சந்தோஷப்படுவாள், ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அது எனக்குத் தெரியும்,” என்றாள் பிலார். “அதனாலதான் கேக்கறேன். நீங்க திரும்பிப் போயிடறீங்களா? நீங்க போனா அப்பா வருவாருல்ல?”

“அது என் கையில இல்லம்மா.”

அவள் தலையாட்டினாள். கையெழுத்துக்கு ஒரு காகிதம்கூட அவள் கொண்டு வரவில்லை. திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்தாள். முதுகில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது. அவன் வர வேண்டும் என்று ஒருத்தி வரிசையில் நின்று, கூச்சலை வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்டுவிட்டுப் போகிறாள். ரூபன் மேல் எனக்கு அப்போது வந்த பொறாமை, பட்டியல் வெளியான அன்றுகூட வரவில்லை.